சேலத்தைக் குறும்பாக வரைகிறீர்களா? இதெல்லாம் வேண்டாம்

மணிக்கூண்டின் மேல் பூனை, கோபுரத்தைவிடப் பெரிய டவுன் பஸ், வாலை ஆட்டும் மலை. ஊரை இப்படி விளையாட்டாக வரைந்து அஞ்சலட்டையாக அடிப்பது எனக்குச் சில வருடப் பழக்கம். கெடுத்த தாள்களும் நிறைய.

முதல் தவறு மாம்பழம். சேலம் என்றதும் கை தானாக மாம்பழத்துக்குப் போகும். மிச்ச இடத்தில் எல்லாம் ஒன்று போட்டால் அது பழமண்டி விளம்பரம். வெயிலில் வெள்ளையாகப் பரந்து கிடக்கும் ஜவ்வரிசிக் களம், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு, கேரட்டும் பீட்ரூட்டும் பிதுங்கி வழியும் தட்டுவடை செட், இவற்றுக்கும் தாளில் இடம் விடுங்கள். மாம்பழம் ஒன்று போதும், அதுவும் மல்கோவாவாக இருக்கட்டும்.

அடுத்தது, குறும்புதானே என்று திசையை மாற்றுவது. இதில்தான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். தாளில் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, கஞ்சமலையைத் தூக்கி அங்கே வைத்துவிட்டேன். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, நான் தினம் வேலைக்குப் போன மலையை எங்க கொண்டு போய் வச்சிருக்கே?" என்றார். உருக்காலை கஞ்சமலை அடிவாரத்தில், ஊருக்கு மேற்கே இருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை வடக்கே. மலைக்கு மீசை வைக்கலாம், செருப்புக்கூட மாட்டலாம், இடத்தை மட்டும் மாற்றக் கூடாது. ஏற்காடு ரோட்டை முறுக்கு மாதிரி சுற்றி வரைந்தாலும் கொண்டை ஊசி வளைவு 20 இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் விரல் வைத்து எண்ணுவார்கள், நம்புங்கள்.

பழைய ஊர் என்று காட்ட, இல்லாததைக் கட்டுவதும் நடக்கிறது. கோட்டை என்பது இன்று சேலத்தில் ஒரு பகுதியின் பெயர், மாரியம்மன் கோயில் இருக்கும் இடம். அங்கே செஞ்சி மாதிரி மதில் எழுப்பினால் உள்ளூர்க்காரர் சிரிப்பார். மதில் வேண்டுமென்றால் சங்ககிரிக்குப் போங்கள். மாடர்ன் தியேட்டர்ஸும் அப்படித்தான். 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ அது. இன்று ஏற்காடு ரோட்டில் மிஞ்சியிருப்பது அதன் நுழைவாயில் வளைவு. முழு ஸ்டுடியோவை வரைவதைவிட, வளைவு வழியாக வண்ணம் மட்டும் வெளியே வழிவதுபோல வரைந்து பாருங்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956ல் அங்கிருந்துதான் வந்தது.

திருமணிமுத்தாற்றுக்கு நீல வண்ணம் அடிக்காதீர்கள். ஊருக்குள் அது எப்படி ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். நான் வரைந்த ஆறு மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறது.

அச்சு விஷயம் கொஞ்சம். ஏ2 தாளில் வரைந்ததை அஞ்சலட்டை அளவுக்குச் சுருக்கினால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். முதலிலேயே சுருக்கிப் பார்த்துவிடுங்கள். கணினியில் தமிழ் எழுத்து சேர்த்தால், இந்திய மொழிகளுக்கான அமைப்பை மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 'சே'யின் இரட்டைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஊர்ப் பெயரே தப்பாக இருநூறு அட்டை அடித்து வைத்திருக்கிறேன், பரணில்.

கடைசியாக, வீட்டிலிருந்தே கற்பனை செய்வது. ஆடியில், சேலத்தின் குகைப் பகுதியில், சாமி வேடம் போட்டவர்கள் வண்டியில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு நோட்டோடு போய், வண்டி கிளம்பும் முன்பே நின்று பாருங்கள். போன வருடம் முருகன் வேடம் போட்டவர் வேல்கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனில் யாரிடமோ, "சாவி ஜன்னல்மேல இருக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே வரைந்தேன், ஒரு கோடுகூடச் சேர்க்கவில்லை.