பழைய அமெரிக்க ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) வாங்கப் போறீங்களா?
மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பழைய இசைக்குழுக்காரர்களின் சாமான்கள் அவ்வப்போது விலைக்கு வரும். பேஸ் கிட்டார் என்றால் பெரும்பாலும் கம்பி மாற்றி, துரு துடைத்தால் போதும். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்தான் வில்லங்கம். 1952இல் அறிமுகமான ஃபெண்டர் பேஸ்மேன் மாதிரி அமெரிக்கச் சரக்கில் 117 அல்லது 120 வோல்ட் என்று எழுதியிருந்தால், நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகவே கூடாது. வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதுவும் ஆம்ப் இழுக்கும் வாட்டைவிடத் தாராளமாக. இரண்டு முள் பிளக்கா? எர்த் கிடையாது. வால்வு வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மூன்று முள் வயர் போடுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் சோதித்துக் காட்டுகிறேன் என்று விற்பவர் கிளம்பினால் தடுத்துவிடுங்கள், ஸ்பீக்கருக்குச் சிக்னல் அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உள்ளே கைவிடும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம்.