கணக்கு கிளவுட்டிலா, சொந்தச் சேர்வரிலா: வன்னியில் ஒரு தரவுத்தளத்துக்கு இடம் பார்ப்பது

வன்னியில் ஓர் ஆலையோ கூட்டுறவுச் சங்கமோ தன் கணக்குத் தரவுத்தளத்தைச் சொந்தச் சேர்வரில் வைக்கலாம், அல்லது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட்டில் வைக்கலாம். அப்படிப்பட்ட கிளவுட் சேவையான அமேசனின் ஆர்டிஎஸ் 2009 இல் வந்தது. மைக்ரோசொப்ட்டின் அசூர் எஸ்கியூஎல் அடுத்த வருடம் வந்தது. பெயர் எதுவானாலும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் நாம் அலுவலகச் சேர்வரில் போடுகிற அதே மைஎஸ்கியூஎல், அதே போஸ்ட்கிரெஸ், அதே எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருள்தான். ஆகவே விற்பனையாளர் நீட்டும் அம்சப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் ஒன்றும் பிடிபடாது. பேக்கப், பட்ச் (மென்பொருள் திருத்தம்), பழுதுபார்ப்பு எல்லாம் யார் தலையில், இணைய லைன் அறுந்தால் எந்த வேலை நிற்கும் என்ற இரண்டையும் கேட்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

கிளவுட்காரர் பொறுப்பெடுப்பது இயந்திரம், இயங்குதளம், பட்ச், தினசரி பேக்கப் ஆகியவற்றை. மேலதிகமாகக் காசு கட்டினால் இன்னொரு தரவு நிலையத்தில் ஒரு துணைச் சேர்வரும் தயார்நிலையில் இருக்கும். அட்டவணை வடிவமைப்பு, இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி), மெதுவாக ஓடும் வினவல் (தரவுத்தளத்திடம் மென்பொருள் கேட்கும் கேள்வி), யாருக்கு எந்தக் கடவுச்சொல் என்பதெல்லாம் உங்களிடமே இருக்கும். "கிளவுட்டுக்குப் போனால் ஆள் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆளின் வேலை மாறும், அவ்வளவுதான்.

இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்

எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு, இப்போது எத்தனை ஜிபி, மாதம் எவ்வளவு கூடுகிறது, ஒரே நேரத்தில் எத்தனை பேர், இரவில் தானாக ஓடும் வேலைகள் எவை. ஒரு தாள் போதும். இதில் பலரும் தவறவிடுவது, தரவுத்தளத்துக்குள்ளிருந்து நேரடியாக டிஸ்க்கில் கோப்பு எழுதும் நிரல்கள். ஆர்டிஎஸ் போன்ற சேவையில் இயங்குதளத்துக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லை, முழு நிர்வாகி உரிமையும் கிடைக்காது. அப்படிக் கோப்பு எழுதும் நிரல் பெரும்பாலும் அங்கே அப்படியே ஓடாது. மாற்றி எழுதவேண்டும், அல்லது சொந்தச் சேர்வரிலேயே இருக்கவேண்டும்.

எஸ்கியூஎல் சேர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸ் 2022 பாவிப்பவர்கள் அளவை உடனே பாருங்கள். ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபிதான் எல்லை. நிரம்பியதும் புதிய பதிவு விழாது, அதுவும் அறுவடை நேரத்தில்தான் நிரம்பும். அடையாள அட்டைப் படங்களைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்திருந்தால், அவற்றை வெளியே ஒரு கோப்புறைக்கு மாற்றி, பாதையை மட்டும் பதியுங்கள். பல இடங்களில் இந்த ஒரு வேலையோடு புதிய லைசன்ஸ் தேவைப்படாமலே போகும்.

லைனை அளந்து பாருங்கள்

இலங்கையில் அமேசனுக்கோ மைக்ரோசொப்ட்டுக்கோ கூகுளுக்கோ முழுத் தரவு மையப் பிராந்தியம் இல்லை. கிட்ட உள்ளவை மும்பை, ஹைதராபாத், சென்னை, சிங்கப்பூர். நிறுவனத்துக்கு நிறுவனம் எது கிடைக்கும் என்பது வேறுபடும்.

அலுவலகத்துக்குள் ஒரு வினவல் போய் வர ஒரு மில்லிசெக்கனும் ஆகாது. கடல் தாண்டினால் 50 மில்லிசெக்கன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பக்கம் ஒன்றைத் திறக்க மென்பொருள் 80 வினவல் அனுப்பினால் 4 செக்கன் காத்திருக்கவேண்டும். லொறி நிறுக்கும் இடத்தில் வரிசை நிற்கும்போது 4 செக்கன் என்பது சண்டைக்குப் போதுமானது. பெரிய சேர்வர் வாங்கி இதைத் தீர்க்க முடியாது. வினவல்களைக் குறைக்கவேண்டும், அல்லது செயலியையும் தரவுத்தளத்துக்குப் பக்கத்திலேயே அதே பிராந்தியத்தில் வைத்து, கிளையிலிருந்து உலாவியில் திறக்கவேண்டும். இரண்டாவதுதான் லேசு.

அளக்கும் முறை: நினைத்துள்ள பிராந்தியத்தில் மிகச் சிறிய தரவுத்தளம் ஒன்றைத் தொடங்குங்கள். மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ இருக்கும் கிளையில் உட்கார்ந்து வெறும் "செலக்ட் 1" வினவலை 100 தடவை அனுப்பி நேரம் பாருங்கள். காலை 10 மணிக்கு ஒருமுறை, பின்னேரம் 7 மணிக்கு ஒருமுறை, மழை கொட்டும் நாளில் ஒருமுறை. சராசரியை அல்ல, ஆகக் கூடிய 5 நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பாவனையாளர் திட்டுவது அவற்றுக்குத்தான். பைபர் லைன் போனால் 4ஜி றவுட்டர் தானாக ஏற்கிறதா என்பதையும் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஏற்றாலும் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் லைனின் இலக்கம்) மாறும். முன்னைய முகவரிக்கு மட்டும் கிளவுட்டின் கதவைத் திறந்திருந்தால் லைன் இருந்தும் உள்ளே போக முடியாது. அந்த எரிச்சலில் எல்லா முகவரிக்கும் திறந்துவிடுகிற பழக்கம் உண்டு. 3306, 5432, 1433 போன்ற தரவுத்தளப் போர்ட்களை (இணைப்பு வாசல்களை) உலகம் முழுவதும் இருந்து தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். விபிஎன் என்ற மறைகுறியிட்ட தனி இணைப்பைப் போடுங்கள்.

காசு

சொந்தச் சேர்வரில் லைசன்ஸ் விலையோடு கணக்கை நிறுத்துவதுதான் வழமையான பிழை. ஒரக்கிள் என்ற தரவுத்தளத்தின் வருடாந்த ஆதரவுக் கட்டணம் லைசன்ஸ் விலையின் 22 வீதம். 5 வருடத்தில் லைசன்ஸ் விலையை இன்னொரு தடவை கட்டி, மேலும் கொஞ்சம் கட்டியிருப்பீர்கள். எஸ்கியூஎல் சேர்வரைக் கோர் (புரொசசருக்குள் இருக்கும் கணிப்பு அலகு) கணக்கில் வாங்கினால் ஒரு புரொசசருக்குக் குறைந்தது 4 கோருக்குக் கட்டவேண்டும். அதற்கு மேல் யூபிஎஸ், பற்றரி, மாற்று ஹார்ட் டிஸ்க், வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஆள் வந்துபோகும் செலவு. லைசன்ஸ் இல்லாத எண்டர்பிரைஸ் பதிப்பை ஓட்டிக்கொண்டு "எங்களுக்குச் செலவே இல்லை" என்பவர்கள், அதன் தனி அம்சங்களைப் பாவித்திருந்தால், பேக்கப்பைச் சாதாரணப் பதிப்பில் ஏற்றும் நாளில் மாட்டிக்கொள்வார்கள்.

கிளவுட்டில் மாதத்துக்கு 730 மணித்தியாலம் என்று பெருக்குங்கள். துணைச் சேர்வர் வைத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. சேமிப்பிடம், வெளியே போகும் டேட்டா ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம். ஆர்டிஎஸ்ஸில் சேமிப்பிடத்தைக் கூட்டலாம், அதே சேர்வரில் குறைக்க முடியாது, ஆகவே சிறிதாகத் தொடங்குங்கள். பாவிக்காத நாட்களில் நிறுத்திவைக்கலாம் என்று நினைத்தால், 7 நாளில் அது தானாக எழுந்து ஓடத் தொடங்கும். பில் டொலரில் வரும். ரூபா விழுந்தால் என்னாகும் என்று 2022 ஐப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கணக்கை 20 வீதம் கூட்டியே போடுங்கள். அட்டை மறுக்கப்பட்டால் கணக்கு முடங்கும். செலவு எச்சரிக்கையை முதல் நாளே போட்டு, இரண்டு பேரின் மின்னஞ்சலுக்கு வரச் செய்யுங்கள்.

பேக்கப்பை மீட்டுப் பார்ப்பது

சொந்தச் சேர்வரில் அடிக்கடி காண்பது இரண்டு. ஒன்று, பேக்கப் அதே டிஸ்க்கில் இருப்பது. ஐப்பசி இடிமுழக்கத்தில் சேர்வரோடு அதுவும் போகும். மற்றது, எஸ்கியூஎல் சேர்வரை முழு மீட்பு முறையில் விட்டுவிட்டு லொக் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் கோப்பு) பேக்கப் எடுக்காமல் இருப்பது. லொக் கோப்பு வளர்ந்து வளர்ந்து டிஸ்க்கை நிரப்பும், பிறகு எல்லாம் நிற்கும். எக்ஸ்பிரஸில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் இல்லாததால் விண்டோஸ் டாஸ்க் ஷெடியூலரில் இரவு வேலையாகப் போடுங்கள். ஒரு பிரதி வெளி டிஸ்க்கில், எடுத்ததும் கழற்றி வைக்கவேண்டும். இன்னொன்று கிளவுட் சேமிப்பில். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரையும் சேர்வரில் செருகுங்கள். செருகாவிட்டால் பற்றரி தீரும்போது சேர்வர் ஒழுங்காக மூடாமல் விழும்.

ஆர்டிஎஸ்ஸில் தானியங்கி பேக்கப்பை 35 நாள் வரை வைக்கலாம், அந்தக் காலத்துக்குள் விரும்பிய நிமிடத்துக்குத் திரும்பலாம். ஆனால் மீட்டால் பழையதன் மேல் எழுதாது, வேறு முகவரியோடு புதிய சேர்வர் எழும். எதையும் குறிப்பிடாமல் மீட்டால் இயல்புநிலைப் பாதுகாப்புக் குழுவோடு (யார் இணையலாம் என்று சொல்லும் விதிகள்) வரும், அப்போது தரவு இருந்தும் ஒருவரும் இணைய முடியாது. துணைச் சேர்வரைப் பேக்கப் என்று எண்ணவேண்டாம். ஊழியர் ஒருவர் அட்டவணையை அழித்தால் அந்த அழிப்பு அங்கேயும் அக்கணமே போய்ச் சேரும்.

எந்தப் பக்கம் போனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் மீட்டுப் பார்த்து, எடுத்த நேரத்தை எழுதிவையுங்கள்.

தமிழ் எழுத்தில் விழும் ஓட்டை

வன்னியில் பழைய கணக்குகள் பல பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. தரவுத்தளத்துக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள்தான். இடம் மாற்றும் முன் யுனிகோடுக்கு மாற்றாவிட்டால் கைபேசியில் ஒன்றும் வாசிக்க வராது, பெயர் தேடவும் முடியாது. எஸ்கியூஎல் சேர்வரில் பத்திக்கு என்வார்க்கார் (nvarchar) வகையும், மேற்கோள் குறிக்கு முன் N என்ற ஆங்கில எழுத்தும் வேண்டும், இல்லாவிட்டால் கேள்விக்குறிகள் விழும். மைஎஸ்கியூஎல்லில் யுடிஎப்8எம்பி4 என்ற எழுத்துக்குறி முறை வேண்டும்.

ஒரக்கிளில் நீளம் இயல்பாகப் பைட்டில் எண்ணப்படும். யுடிஎப்-8 இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் (எழுத்தும் அதனோடு சேரும் புள்ளி, கொம்பு போன்ற குறியும் தனித்தனிக் குறியீடுகள்). "கிளிநொச்சி" 10 குறியீடு, 30 பைட். "முல்லைத்தீவு" 12 குறியீடு, 36 பைட். 30 என்று அளவிட்ட பத்தியில் முதலாவது ஏறும், இரண்டாவது ஓஆர்ஏ-12899 பிழையோடு திரும்பும். பத்தியின் அளவைப் பைட்டில் அல்ல, குறியீட்டுக் கணக்கில் (CHAR) அறிவியுங்கள்.

தேர்வு

ஒரே இடம், தராசும் காசுமேசையும் நிற்கக்கூடாது என்றால் சொந்தச் சேர்வர்தான். போஸ்ட்கிரெஸ் போடுங்கள், பேக்கப்பை மட்டும் கிளவுட்டுக்கு அனுப்புங்கள். சிறு ஆலைக்கோ சங்கத்துக்கோ ஒரக்கிள் எண்டர்பிரைஸ் தேவைப்படும் காரணம் ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து கிளைகள் உள்ள பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்றால் கிளவுட். கிளிநொச்சித் தலைமையகத்தில் சேர்வரை வைத்தால் அங்கே கரண்ட் போகும்போது எல்லாக் கிளையும் சேர்ந்து படுக்கும். கிளைகள் லைன் இல்லாமலும் பில் அடிக்கவேண்டுமென்றால் உள்ளூரில் பதிந்து பிறகு ஒரு திசையில் மட்டும் மேலே அனுப்புங்கள், ஒவ்வொரு கிளையின் பற்றுச்சீட்டு இலக்கத்துக்கும் தனி முன்னெழுத்து கொடுங்கள். இருதிசை ஒத்திசைவில் ஒரே இலக்கம் இரண்டு இடத்தில் பிறக்கும்.

அங்கத்தவர் விபரம் நாட்டுக்கு வெளியே போவதால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்கவேண்டும். அரச அலுவலகம் என்றால் மேலிடத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

மாற்றும் நாள் காலபோக அறுவடைக்கும் சிறுபோக அறுவடைக்கும் இடையில் ஒரு போயா விடுமுறையாக இருக்கட்டும். முதல் நாள் இரவு பழையதை வாசிக்க மட்டும் என்று மாற்றி, முழுப் பிரதி எடுத்து ஏற்றுங்கள். ஒவ்வொரு அட்டவணையிலும் வரிகளை எண்ணுங்கள், காசுப் பத்திகளைக் கூட்டி இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். செயலியில் தரவுத்தளத்தின் நேர் முகவரியை எழுதாமல் உங்கள் சொந்த டொமைன் பெயரொன்றை எழுதினால், பின்னர் மீட்கும்போதும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். கிளவுட் தரவுத்தளம் தவறுதலாக அழியாமல் தடுக்கும் அழிப்புப் பாதுகாப்பை அன்றே போடுங்கள். பழைய சேர்வரை ஒரு மாத இறுதிக் கணக்கு முடியும்வரை அப்படியே வைத்திருங்கள். ஆதரவு ஒப்பந்தம் எந்தத் திகதியில் தானாகப் புதுப்பிக்கும் என்று பார்த்து, அதற்கு முன்னரே எழுத்தில் நிறுத்துங்கள்.