ஜாஸ் பாட்டு ஆல்பம் கேட்கப் போகிறீர்களா? முதலில் ஃபேனை நிறுத்துங்கள்

சேலத்து வெயிலில் இப்படிச் சொல்வது கொடுமைதான், ஆனாலும் சீலிங் ஃபேனை நிறுத்தாமல் ஆரம்பிக்காதீர்கள். மெதுவான பாட்டுகளில் டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய கம்பிகளால் ஆன பிரஷ்ஷை எடுத்து டிரம் தோல்மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்தச் 'சர்ர் சர்ர்' சத்தத்தை ஃபேன் அப்படியே விழுங்கிவிடும். ஏற்காட்டில் தங்கியிருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் மலை ஏறும்போது வண்டியில் போடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எஞ்சின் உறுமுகிற உறுமலில் டபுள் பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியத்தின் ஆழ்ந்த ஒலி காணாமல் போய்விடும். போன் ஸ்பீக்கரும் வேண்டாம், சாதாரண இயர்போன் போதும்.

எதில் தொடங்குவது? பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும், பாடகரும் டிரம்பெட் கலைஞருமான லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடி 1956-இல் வந்த 'எல்லா அண்ட் லூயி'. பழைய நாடகப் பாட்டு, சினிமாப் பாட்டு என்று ஊருக்கே தெரிந்த 11 பாட்டுகள். பக்கவாத்தியம் பியானோ, கிடார், பேஸ், டிரம்ஸ், அப்புறம் லூயியின் டிரம்பெட், அவ்வளவுதான்.

முதல் தடவை ஃபிட்ஸ்ஜெரால்டு பாடும் இடங்களை மட்டும் கவனியுங்கள், மெட்டு மனசில் ஏறிவிடும். அடுத்த தடவை லூயியைப் பிடியுங்கள். அதே மெட்டை அந்தக் கரகரத்த குரலில் எங்கே சுருக்குகிறார், எந்தச் சொல்லைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடுகிறார் என்று பாருங்கள். தெரிந்த கீர்த்தனைதான், சங்கதி ஆளுக்கு ஆள் வேறு என்று கச்சேரி கேட்கிறோமே, அந்தக் காது இருந்தால் போதும். தாளம் பெரும்பாலும் நான்கு நான்காகப் போகும், காலால் தட்டிக்கொண்டே எண்ணுங்கள். இந்த வகைப் பாட்டுகளில் பல 32 பார் (நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார்), எட்டெட்டாக நாலு பாகம். முதல் இரண்டு பாகமும் ஒரே மெட்டு, மூன்றாவது வேறு பக்கம் போய்விட்டு நாலாவதில் வீடு திரும்பும். அந்தத் திருப்பம் வருவதை முன்கூட்டியே உணர ஆரம்பித்துவிட்டால், பாட்டு உங்கள் கைக்கு வந்துவிட்டது.

புளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை இதைவிடச் சின்னக் கணக்கு. 12 பார், ஒரே வரியை இரண்டு தடவை பாடி மூன்றாவது வரியில் பதில். இதற்குப் பெஸ்ஸி ஸ்மித் 1925-இல் பாடிய 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பதிவின் தொடக்கத்தைக் கேளுங்கள். பின்னால் இழுத்துக்கொண்டே போவது நம் பஜனை மடங்களில் கேட்கிற ஹார்மோனியம்! அவர் வரியை முடித்து மூச்சு விடும் இடைவெளியில் எல்லாம் ஒரு கார்னெட், அதாவது டிரம்பெட் மாதிரியான சின்ன ஊதுகருவி, பதில் சொல்கிறது. வாசிப்பவர் இளவயது லூயி.

சரி, இவ்வளவும் ஆனபிறகு 'சம்மர்டைம்'. இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 1935 ஆப்பராவில், அதாவது பாடியே நடத்தும் நாடகத்தில், வரும் தாலாட்டு. பில்லி ஹாலிடே 1936-இல் பாடியது, ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயியும் 1957-இல் பதிவு செய்தது, ஜானிஸ் ஜாப்ளின் 1968-இல் கத்திக் கதறியது, மூன்றையும் இதே வரிசையில், நடுவில் வேறு எதுவும் போடாமல் கேளுங்கள். ஜாப்ளினுக்கு மட்டும் ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம், அந்தக் குரலை எதுவும் மறைக்காது.