நெய்வேலியில் ஓராண்டு: பொறியியல் பழகுநர் பயிற்சியைப் பயனுள்ளதாக்கிக்கொள்வது எப்படி?

பொறியியல் பட்டமோ பட்டயமோ முடித்துவிட்டு, நெய்வேலியில் உள்ள என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தில் தொழில் பழகுநராகச் சேர விரும்புவோர், விண்ணப்பிக்கும் முன்னரே ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இது வேலை அன்று, ஓராண்டுப் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநரைப் பயிற்சி பெறுபவராகவே கொள்கிறது, தொழிலாளராகக் கொள்வதில்லை. பயிற்சி முடிந்தவர்களைப் பணியில் அமர்த்தியாக வேண்டும் என்று நிறுவனத்தை அது கட்டாயப்படுத்துவதும் இல்லை. உள்ளே நுழைந்துவிட்டால் எப்படியும் அங்கேயே தங்கிவிடலாம் என்று ஊரில் சொல்லப்படுவதை நம்பிச் சேர்பவர், கற்க வேண்டிய காலத்தைக் காத்திருப்பதிலேயே கழித்துவிடுவார்.

விண்ணப்ப நடைமுறை கடினமானதன்று. பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் முதலில் தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்து பதிவெண் பெற வேண்டும். தென் மாநிலங்களுக்கான பணிகளைக் கவனிக்கும் தொழிற்பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கான தளம் வேறு என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே ஓராண்டுப் பயிற்சியோ, ஓராண்டும் அதற்கு மேலும் பணி அனுபவமோ பெற்றவர்கள் இத்திட்டத்திற்குத் தகுதியற்றவர்கள். எனவே, கல்லூரி முடித்தவுடன் ஏதோ ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது சரியான கணக்கன்று. தேர்வு பெரும்பாலும் மதிப்பெண்களின் அடிப்படையில் நடப்பதால், சான்றிதழ்களில் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல் உள்ளனவா என்பதையும், வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டுள்ளதா என்பதையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது நல்லது. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிகளுக்கு மாதம் 9,000 ரூபாயும் பட்டயதாரர்களுக்கு 8,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தன. நிறுவனம் இதைவிடக் கூடுதலாகவும் தரலாம் என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே பார்க்க வேண்டும். தங்குமிடம் பற்றி அறிவிப்பில் எதுவும் இல்லையென்றால், இல்லை என்றே வைத்துக்கொண்டு அறை தேடத் தொடங்குங்கள். இரண்டாம் அனல் மின் நிலையத்தில் இடம் கிடைத்தவருக்கு மந்தாரக்குப்பம் அருகில் இருக்கும்.

சேர்ந்த பிறகு முதல் சில நாட்களில் பெரும்பாலானோருக்கு ஒரு மலைப்பு ஏற்படும். சுரங்கம், மின் நிலையம், பட்டறை, அலுவலகம் என்று பரந்து கிடக்கும் வளாகத்தில் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. நான் பரிந்துரைக்கும் வழி ஒன்றுதான்: ஒரு பிடி பழுப்பு நிலக்கரி மண்ணுக்கடியிலிருந்து கிளம்பி மின்சாரமாக வெளியேறும் வரை அதன் பின்னாலேயே செல்லுங்கள். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட பிரிவு அந்தப் பாதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது புரிந்துவிட்டால், அன்றாடம் காணும் குழாய்களும் வால்வுகளும் தனித்தனிப் பொருள்களாகத் தெரியாமல் ஒரே தொடரின் கண்ணிகளாகத் தெரியத் தொடங்கும்.

சுரங்கத்திலிருந்தே தொடங்குவோம். நிலக்கரிப் படுகைக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் கடினமானது, எந்திரப் பற்களை விரைவில் தேய்த்துவிடும் தன்மையுடையது. அதை வெடிவைத்துத் தளர்த்திய பின்னரே பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் எனப்படும் சக்கர வாளி எந்திரம் வெட்டுகிறது. இந்த எந்திரங்களை அங்குள்ளோர் வாளியின் கொள்ளளவைக் கொண்டே 700 லிட்டர், 1,400 லிட்டர் என்று குறிப்பிடுவார்கள். வெட்டிய மண் கன்வேயரில் சென்று, ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் ஸ்ப்ரெடர் எனப்படும் மண் பரப்பும் எந்திரத்தின் மூலம் கொட்டப்படுகிறது. நிலக்கரிக்கு அடியில் உள்ள நீர்த்தாங்கி, அதாவது நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் மண்ணடுக்கு, அழுத்தத்துடன் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், இரவு பகலாக நீரை இறைத்தாக வேண்டும். இறைப்பது நின்றால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடக்கூடும். இயந்திரவியல் படித்தவருக்குப் பம்புகளைப் பற்றி இதைவிடச் சிறந்த பாடம் வேறெங்கும் கிடைக்காது.

அடுத்து, மின் நிலையம் ஏன் சுரங்கத்தின் வாசலிலேயே நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். அதைத் தொலைவுக்கு அனுப்புவது நீரை ரயிலேற்றுவதற்குச் சமம். குவித்து வைத்தாலோ தானாகவே தீப்பற்றிக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. இந்த ஈரம்தான் பாய்லரின் அமைப்பையே தீர்மானிக்கிறது. உலையிலிருந்து உறிஞ்சப்படும் மிகச் சூடான புகைவாயு, மில்லுக்குள் நிலக்கரி அரைபடும்போதே அதை உலர்த்திவிடுகிறது. 210 மெகாவாட் அலகுகள் ஏழு கொண்ட இரண்டாம் அனல் மின் நிலையத்தையும், 250 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அதன் விரிவாக்கத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். விரிவாக்கத்தில் இருப்பது எரிபொருளைச் சூடான மணல் போன்ற படுகையுடன் சுழலவிட்டு எரிக்கும் முறை. ஒரே எரிபொருளுக்கு இரண்டு வகை விடைகளை அருகருகே காண்பது பாடப்புத்தகத்தில் கிடைக்காத கல்வி. டர்பைன் மட்டும் எங்கும் நிமிடத்துக்கு 3,000 சுற்றுதான், ஏனெனில் மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸுடன் அது ஒத்து ஓடியாக வேண்டும்.

பார்ப்பது மட்டும் போதாது, வரைய வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரே ஓர் அமைப்பை, உதாரணமாகப் பாய்லருக்கு நீர் செல்லும் நீரூட்டுக் குழாய்ப் பாதையை, கண்ட்ரோல் ரூம் திரையில் பார்த்துவிட்டு, நேரில் நடந்து சென்று குழாயைத் தொடர்ந்து பார்த்து, அதன் பின் நினைவிலிருந்து தாளில் வரைந்து பாருங்கள். எங்கே கோடு நின்றுபோகிறதோ அங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது. அதைப் பொறியாளரிடம் கேட்பதற்கு முன், அங்கே இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் டெக்னீஷியனிடமோ ஒப்பந்தத் தொழிலாளரிடமோ "அண்ணே, இது எங்கே போகுது?" என்று கேட்கத் தயங்காதீர்கள். பட்டம் பெற்றவர் கேட்கிறாரே என்று அவர்கள் சிரிக்க மாட்டார்கள், கேட்காமல் நிற்பவரைத்தான் பொருட்படுத்த மாட்டார்கள். ஆண்டுப் பராமரிப்புக்காக ஓர் அலகு நிறுத்தப்படும் காலத்தில், எப்படியாவது அங்கே அனுப்பும்படி பிரிவுத் தலைவரிடம் கேளுங்கள். ஓடும் டர்பைனுக்கு வெளியே ஆறு மாதம் நின்றாலும் தெரியாதது, மூடியைத் திறந்து வைத்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கோப்புகளை நகலெடுக்கவும் எக்செல் அட்டவணை நிரப்பவுமே உங்களைப் பயன்படுத்தினால், அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பயிற்சித் திட்டத்தில் உள்ளபடி பிரிவு மாற்றம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது மறக்கப்பட்டுவிடும்.

பாதுகாப்பில் மட்டும் ஆர்வக்கோளாறுக்கு இடமே இல்லை. 2020 மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் நேர்ந்த பாய்லர் விபத்துகளில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். ஒரு கருவி நின்றிருக்கிறது என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. அந்த வேலைக்கான எழுத்துவழி அனுமதியான பெர்மிட் எழுதப்பட்டதா, மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதா, பூட்டும் எச்சரிக்கை அட்டையும் மாட்டப்பட்டனவா என்று கண்ணால் பார்த்த பிறகே அருகில் செல்ல வேண்டும். பெர்மிட் படிவத்தை ஒரு முறையாவது வரிவரியாகப் படியுங்கள், ஏனெனில் ஓர் ஆலையில் எவையெல்லாம் மனிதரைக் கொல்லும் என்பதற்கான பட்டியல் அதுதான். பழகுநர் தொழிலாளர் அல்லர் என்று சொல்லும் அதே சட்டம், தொழிற்சாலைகளில் உடல்நலம், பாதுகாப்பு தொடர்பான சட்ட விதிகள் அவருக்கும் பொருந்தும் என்றும், பயிற்சியின்போது நேரும் காயத்துக்கு இழப்பீடு உண்டு என்றும் சொல்கிறது. காயம் சிறியதாக இருந்தாலும் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

கேட் தேர்வுக்கோ மின்வாரியத் தேர்வுக்கோ படிப்பவர்கள் அதை ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை. பகலில் பார்த்த கண்டென்சரை, அதாவது நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கலனை, இரவில் கணக்காகப் போட்டுப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே படிப்புதான். பயிற்சி முடியும் மாதத்தில், காலாண்டுப் பதிவுகள் இணையதளத்தில் ஏறியுள்ளனவா, உதவித்தொகை நிலுவை ஏதும் உண்டா, சான்றிதழுக்கான விவரங்களில் பெயரும் பிரிவும் சரியாக உள்ளனவா என்பதை நேரில் சென்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். வாயிலில் நிற்பவர்கள் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர். அடையாள அட்டையை ஒப்படைத்த மறுநாள், ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட நீங்கள் வெளியாளாகத்தான் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.