பழைய டீசல் பிக்கப் மேட்டில் திணறுகிறதா?

உடனே எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள், அது பர்ஸைக் காலி செய்யும் வேலை. முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

அது இல்லையென்றால், ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற டீசல் டியூப் ஒரு சாண் மாட்டி, லைனில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி வந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் தளர்ந்த கிளிப், இல்லை வெடித்த ரப்பர் ஓஸ். உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே ஒழுகாது. நாம்தான் ஓட்டையைத் தேடி அலைவோம்.

குமிழியே இல்லையா? சுத்தமான டீசலை ஒரு கேனில் ஊற்றி, பம்ப்பைவிட உயரத்தில் வைத்து நேராகப் பம்ப்புக்கே கொடுங்கள். இப்போது வண்டி நன்றாக இழுத்தால் கோளாறு டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவேதான், பெரும்பாலும் ஃபில்டரிலோ டேங்க் அடி வலையிலோ அடைப்பு. பெட்ரோல் வண்டியில் இந்தக் கேன் வேலை வேண்டவே வேண்டாம்.