இரை தேடுதல்: எந்த உயிருக்கு எந்தச் சொல்?

உயிரினங்களைப் பற்றிப் புதிதாக எழுதுபவர்கள் யானைக்கும் எறும்புக்கும் ஒரே மாதிரி 'உணவைத் தேடுகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். பிழையில்லை. ஆனால் இதற்குத் தமிழில் சொற்கள் கொட்டிக் கிடக்கும்போது ஒன்றையே பிடித்துத் தொங்குவது எனக்கு மனசு கேட்பதில்லை.

படி 1: தேடுவது யார்?

விலங்கு, பறவை, பூச்சி என்றால் 'இரை தேடுதல்' பொதுச்சொல். மனிதருக்கு அது இழிவாகத் தொனிக்கும். பயிர்த்தொழில் அறியாத காலத்து மக்கள் 'உணவு சேகரித்தார்கள்'. இன்றைய பிழைப்பு என்றால் 'வயிற்றுப்பாட்டுக்கு அலைதல்'.

படி 2: தின்பது எதை?

'இரை' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: ஒரு விலங்கின் உணவு, வேட்டையில் சிக்கும் உயிர். மான் புலிக்கு இரையாகிறது என்கிறோம். அதனால் புல் தின்னும் மானுக்கு 'மேய்தல்' என்று எழுதுவதே தெளிவு. கோழி, வாத்துகூட மேயும். மேய்தல், மேய்த்தல் இரண்டையும் குழப்பாதீர்கள்: மாடு மேய்கிறது, ஆள் மேய்க்கிறார். உயிருள்ளதைத் துரத்திப் பிடித்தால் வேட்டையாடுதல். வலையில் அசையாமல் இருக்கும் சிலந்திக்குக் 'காத்திருத்தல்' போதும்.

படி 3: எப்படித் தேடுகிறது?

எழுத்துக்கு உயிர் வருவது இங்கேதான். ஒரு கோழியைக் கவனியுங்கள். காலால் மண்ணைச் சீய்க்கிறது, ஓரடி பின்வாங்குகிறது, தலையைச் சாய்த்துப் பார்க்கிறது, அப்புறம்தான் கொத்துகிறது. சீய்த்தல், கிளறுதல், பொறுக்குதல், கொத்துதல் என ஒரே வேலைக்குள் நான்கு வினைகள். பன்றி மூஞ்சியால் கிண்டும். வாத்து சேற்றை அலகால் அளையும். கொறித்தலும் அசைபோடுதலும் இரை கிடைத்த பிறகு நடப்பவை. இந்த வரிசையில் சேராது.

படி 4: ஒட்டிய சொற்களைப் பிரியுங்கள்

தீவனம் என்பது மனிதர் வளர்ப்பு விலங்குக்குப் போடுவது. இரை என்பது அது தானே தேடிக்கொள்வது. பழைய இலக்கியத்தில் 'இரைதேர்தல்' என்ற அழகான வழக்கு இருக்கிறது. இன்று 'தேர்தல்' என்றதும் ஓட்டுதான் நினைவுக்கு வரும் என்பதால், அதைக் கவிதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது மாற்றிப் பாருங்கள். 'கோழி உணவைத் தேடியது' என்பதை 'கோழி குப்பையைச் சீய்த்துப் புழு பொறுக்கியது' என்று எழுதுங்கள். அடுத்து, எறும்புக்கு நீங்களே ஒரு வாக்கியம் எழுதுங்கள்.