டயப்பரின் ஒட்டு விட்டுப்போகிறதா? நாம் செய்யும் தவறுகள்

குழந்தையின் டயப்பர் ஒட்டாமல் பிரிந்துகொண்டே இருந்தால், பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன் உங்கள் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவத்துக்காக மன்னார்குடியில் தாய்வீட்டில் இருந்த நாள்களில், அடுத்தடுத்து இரண்டு பொட்டலங்களை மட்டமான சரக்கு என்று ஒதுக்கி வைத்த பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். கழற்றிய டயப்பரின் ஒட்டுப்பட்டையில் அம்மாவின் கட்டைவிரல் ரேகை அச்சுப் போலப் பதிந்திருந்தது; ரேகைக் கோடுகளுக்கு நடுவே பயத்தமாவு வேறு அப்பியிருந்தது.

காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டிய கையோடு டயப்பரையும் மாட்டிவிடுவது எங்கள் பக்கத்து வீடுகளில் வழக்கம். ஒட்டுப்பட்டையில் இருக்கும் பசை, அழுத்தினால் பற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. பசைக்கும் அது ஒட்ட வேண்டிய பரப்புக்கும் இடையில் எண்ணெய்ப் படலமோ மாவோ பவுடரோ ஈரமோ புகுந்துவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் அது நிற்காது. எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. கையை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பட்டையின் நுனியை மட்டும் பிடித்து இழுத்து ஒட்டினால் போதும். விரல் பிடிப்பதற்காகவே அந்த நுனியைப் பசை தடவாமல் விட்டிருக்கிறார்கள். பவுடரை மட்டும் அடியோடு நிறுத்திவிடலாம் என்பேன். ஒட்டைக் கெடுப்பது ஒருபுறம் இருக்க, அந்தத் துகளைக் குழந்தை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு ஆகாது.

அடுத்த குற்றவாளி அரைஞாண். கறுப்புக் கயிறானாலும் வெள்ளிக் கொடியானாலும், இடுப்பில் டயப்பரின் விளிம்பு உட்காரும் இடத்திலேயே அதுவும் உட்காருகிறது. கயிற்றின்மேல் டயப்பரைப் பரப்பி ஒட்டும்போது அடியில் ஒரு மேடு உண்டாகிறது. குழந்தை காலை உதைக்க உதைக்க அந்த மேடு பட்டையின் விளிம்பை நெம்பிக்கொண்டே இருக்கும். கயிற்றின் முடிச்சு பட்டைக்கு நேர்கீழே வந்துவிட்டால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அரைஞாணை மார்புப் பக்கமாகச் சற்று மேலே தள்ளிவிட்டு, அதற்குக் கீழே டயப்பரைக் கட்டுங்கள். அவிழ்க்கவே கூடாது என்று வாதிடும் பெரியவர்களும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

டயப்பரின் அளவை வயதை வைத்து வாங்குவதும் பரவலான தவறு. பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது கிலோக் கணக்கு. அதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குழந்தைகள் பொதுவாக ஐந்து மாதத்தை ஒட்டிப் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்காகிவிடுகிறார்கள் என்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய பொட்டலமாக வாங்கி அடுக்கினால், பாதி தீர்வதற்குள் அது சிறிதாகிவிடும். இருபக்க ஒட்டுப்பட்டைகள், முன்பக்கத்தில் அவை ஒட்ட வேண்டிய இடத்தின் விளிம்பை மட்டும் எட்டிப் பிடித்தால் டயப்பர் சிறியது. இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பெரியது.

மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். பட்டைகள் உள்ள பகுதி முதுகுப் பக்கம் வர வேண்டும். அதன் மேல்விளிம்பு ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக வைத்துவிட்டுப் பட்டையை மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால், குழந்தை ஒருமுறை புரண்டதும் அது உரிந்துவிடும். ஒரு பக்கத்தை முழு பலத்துடன் இழுத்து ஒட்டிவிட்டு மறுபக்கத்துக்கு மிச்சத்தை விடாமல், இரண்டையும் ஒரே அளவில் கிடைமட்டமாக இழுத்து, ஒட்டிய பிறகு உள்ளங்கையைச் சில நொடிகள் அதன்மேல் வைத்திருங்கள். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும், ஏனெனில் பால் குடித்ததும் வயிறு உப்பும். தொப்புள்கொடி விழாத பச்சைக் குழந்தைக்கு முன்விளிம்பைக் கீழே மடித்துவிட வேண்டும்.

தூளியில் போட்டுத்தான் தூங்க வைப்போம் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புடவைத் தூளியில் குழந்தை வில்லாக வளைந்து கிடப்பதால், தொடைகள் வயிற்றோடு சேர்ந்து பட்டைகளைக் கீழிருந்து தள்ளுகின்றன. டயப்பர் நனைந்து கனத்திருந்தால் அது இன்னும் எளிதாக நடக்கும். உள்ளே இருக்கும் உறிஞ்சும் பொருள் சிறுநீரைக் கூழாக மாற்றித் தேக்கிக்கொள்ளுமே தவிர, எடை எங்கும் போவதில்லை. அந்த எடை முழுவதும் இரண்டு பட்டைகளில்தான் தொங்குகிறது. தூளியில் போடுவதற்கு முன் மாற்றிவிடுவது உத்தமம்.

“எங்கள் காலத்தில் கோவணத் துணி கழன்றதே இல்லையடி” என்பார் அம்மா. கழன்றிருக்கும், துவைத்து வேறு கட்டியிருப்பார்கள், யார் கணக்கு வைத்தார்கள்! இப்போது வரும் துணி டயப்பர்களில் பெரும்பாலும் வெல்க்ரோ இருக்கிறது. வரப்பில் நடந்தால் புடவைக் கரையில் நாயுருவி விதை ஒட்டிக்கொண்டு வருமே, ஏறக்குறைய அந்த வித்தைதான். 1941இல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர், தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்காய்களை உருப்பெருக்கியில் பார்த்து, கொக்கியும் கண்ணியுமாக அதை வடிவமைக்கத் தொடங்கினார். கொக்கிகளில் நூலும் பஞ்சும் அடைத்துக்கொண்டால் பிடிப்பு போய்விடும். ஒட்டு திறந்தபடி மற்ற துணிகளோடு துவைக்கப் போடுவதுதான் இதற்குக் காரணம். மூடிவிட்டுத் துவையுங்கள், ஏற்கெனவே அடைத்திருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலோ ஊசி முனையாலோ வாரி எடுத்தால் பெரும்பாலும் பழைய பிடிப்பு திரும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி உலரவில்லை என்று அரைகுறை ஈரத்தோடு கட்டுவது ஒட்டுக்கும் கேடு, குழந்தையின் தோலுக்கும் கேடு.

கழன்ற ஒட்டுக்குச் செல்லோ டேப் ஒட்டுவதையும், மேலே நூல் சுற்றிக் கட்டுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். டேப் தோலில் பட்டால் உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். நூல், வயிறு உப்பியதும் இறுக்கும். துணியில் ஊக்குப் போடுவதாக இருந்தால், உங்கள் விரல்களை ஊக்குக்கும் வயிற்றுக்கும் நடுவே வைத்துக்கொண்டு குத்துங்கள். முனையைச் சோப்பில் ஒருமுறை செருகி எடுத்தால் தடிமனான துணியிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

எட்டு, ஒன்பது மாதம் ஆனபின் கழற்றுவது குழந்தையே என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. பட்டையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் இருப்பதால், அந்தக் கட்டத்தில் கால்சட்டை வடிவ டயப்பருக்கு மாறிவிடுவதே நல்லது. அதைக் கழற்றும்போது கால்வழியே உருவ வேண்டாம். இரண்டு பக்கத் தையலையும் மேலிருந்து கீழாகக் கிழித்தால் கையோடு வந்துவிடும்.